தாள் முதலில் வரும், மரம் பின்னால் வரும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ போனில் விஷயத்தைச் சொன்னபோது எனக்கு உடனே பதில் வரவில்லை. மரச்சாமான் கம்பெனி, கொள்முதல் பிரிவு, அதிலும் மரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற வேலை. முப்பது வருடம் நான் மரத்தோடும் மரத்தின் தாள்களோடும் மல்லுக்கட்டியதைப் பார்த்து வளர்ந்தவள், இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாய் என்று நினைத்திருந்தேன். உங்கம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"எல்லாமே எஃப்.எஸ்.சி. முத்திரை உள்ள மரம்தான்ப்பா, சிக்கல் ஒன்றும் இருக்காது" என்றாய். அதைக் கேட்டதிலிருந்துதான் இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. எஃப்.எஸ்.சி. என்றால் ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில், பொறுப்பாகப் பராமரிக்கிற காட்டின் மரம் என்று சான்று தரும் அமைப்பு. அதன் முத்திரையைக் குறை சொல்ல வரவில்லை. அது எப்படி வந்தது, எது வரை தாங்கும் என்று தெரிந்துகொண்டு வேலையில் உட்கார்.

எண்பதுகளில் வெப்பமண்டல மரத்தையே வாங்காதே என்று ஒரு புறக்கணிப்பு இயக்கம் நடந்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் மரத்துக்கு விலை இல்லை என்றால் காட்டுக்காரன் காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? எரித்துவிட்டு மாடு மேய்ப்பான், சோயா விதைப்பான், எண்ணெய்ப்பனை நடுவான். இன்றைக்கும் வெப்பமண்டலக் காடு பெருமளவில் அழிவது விவசாயத்துக்கும் மேய்ச்சலுக்கும்தான். 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சூழல் மாநாட்டில் காடுகளுக்காகக் கட்டாய ஒப்பந்தம் ஒன்று வரும் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. அரசாங்கங்கள் கைவிட்டதைச் சந்தையாவது செய்யட்டும் என்று 1993இல் டொரன்டோவில் கூடி எஃப்.எஸ்.சி.யை உண்டாக்கினார்கள். அதன் அமைப்பு எனக்குப் பிடிக்கும்: சூழல், சமூகம், வணிகம் என்று மூன்று அவைகள், மூன்றுக்கும் சம வாக்குப் பலம். மர வியாபாரியும் காட்டுவாசிகளின் பிரதிநிதியும் ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை போட வேண்டும். 1999இல் ஐரோப்பாவின் சிறு காட்டு உடைமையாளர்கள் சேர்ந்து பி.ஈ.எஃப்.சி. என்று இன்னொரு சான்றிதழ் அமைப்பைத் தொடங்கினார்கள். உன் மேசைக்கு இரண்டும் வரும்.

சரி, இப்போது என் கதை. இதை உன்னிடம் சொன்னதே இல்லை.

வேலையில் சேர்ந்த புதிது. இறக்குமதித் தடிகளின் தாள்களைச் சரிபார்த்து முத்திரை குத்துவது என் பொறுப்பு. ஒரு சரக்கு வந்தது. வெட்டு அனுமதி, வழிச்சீட்டு, ஏற்றுமதி உரிமம், எதிலும் ஒரு குறை இல்லை. அனுமதித்த அளவு எவ்வளவோ அவ்வளவும் கடைசிக் கன மீட்டர் வரை வெட்டியிருந்தார்கள். நான் மகிழ்ச்சியோடு முத்திரை குத்தினேன். நாலைந்து மாதம் கழித்து வேறொரு சரக்கு. அதே வெட்டு அனுமதி. எண்ணை நான் நினைவில் வைத்திருக்கவில்லை, ஆனால் அதிகாரியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த மைக்கறை அப்படியே இருந்தது. ஒரே தாளை நகலெடுத்து இன்னொரு காட்டை வெட்டியிருக்கிறார்கள். மேலாளரிடம் கொண்டுபோனேன். தாளைப் புரட்டிப் பார்த்தார். "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்தார். நான் அதற்கும் முத்திரை குத்தினேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன. அந்த முதல் சரக்கே சரியானதா என்ற சந்தேகம் எனக்குப் பிறகுதான் வந்தது. நிஜக் காட்டில் அனுமதியின் அளவும் வெட்டின அளவும் அப்படித் துல்லியமாகப் பொருந்தாது பாப்பா. உள்ளே பொந்து விழுந்த மரம் இருக்கும், விழும்போது பிளந்தது இருக்கும், இழுத்துவர முடியாமல் சரிவில் விட்டுவந்தது இருக்கும்.

இது ஏதோ அந்தக் காலத்துக் கதை என்று நினைக்காதே. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் நடந்ததைக் கேள். அமேசான் கரையில் உள்ள இகிடோஸிலிருந்து யாக்கு கால்பா என்று ஒரு கப்பல் மரம் ஏற்றிப் போகும். 2015இல் அதன் சரக்கை அமெரிக்கச் சுங்கம் ஹூஸ்டனில் தடுத்து நிறுத்தியது. தாள்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் பெருவின் வன மேற்பார்வை அமைப்பான ஓசின்ஃபோரின் ஆட்கள் செய்த காரியம்தான் பெரிது. தாளில் எழுதியிருந்த அட்சரேகை தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தே போனார்கள். வெட்டியதாகச் சொன்ன இடத்தில் அடிக்கட்டை இருக்க வேண்டுமல்லவா? இடம் இடமாகப் பார்த்தால் இல்லை. அந்த மரம் அங்கே நின்றதே இல்லை. இல்லாத மரத்துக்கு அனுமதி வாங்கி, அந்த அனுமதியை ஊர்க்காட்டிலும் காப்புக்காட்டிலும் திருடிய தடிக்குப் போர்த்திவிட்டார்கள். அந்த அமைப்பின் தலைவர் ரோலாண்டோ நவாரோவை 2016 தொடக்கத்தில் பதவியிலிருந்து நீக்கினார்கள். மிரட்டல்களால் அவர் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. அடிக்கட்டையைத் தேடிப்போனதற்குக் கிடைத்த பரிசு அது.

அதனால் உனக்கு முதலில் கணக்கைத்தான் சொல்லித் தருவேன். உருண்டைத் தடியை அறுத்தால் பட்டை போகும், வெளிறு போகும், தூள் போகும், ஓரச் சிம்பு போகும். வன்மரத்தில் பாதி பலகையாகத் தேறினாலே நல்ல ஆலை. ஒருவன் நூறு கன மீட்டர் சான்றிதழ் தடி வாங்கி எண்பது கன மீட்டர் சான்றிதழ் பலகை விற்றிருந்தால், மிச்ச முப்பது எங்கிருந்து வந்தது என்று கேள். உலர்த்தினால் இன்னும் கொஞ்சம் சுருங்கும், அதையும் கழி. இதைக் கேட்க விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை, ஒரு பென்சில் போதும். ஆனால் ஏனோ யாரும் கேட்பதில்லை.

காட்டிலிருந்து கடை வரை ஒவ்வொரு கையும் தனித்தனியாகச் சான்றிதழ் வாங்குகிறது. தணிக்கையாளர் வருடத்துக்கு ஒருமுறை வந்து அந்தக் கம்பெனியின் பேரேட்டை மட்டும் பார்ப்பார். விற்றவனின் பேரேட்டையும் வாங்கியவனின் பேரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கமான நடைமுறையில் இல்லை, சந்தேகம் வந்தால்தான் நடக்கும். நூறு விற்றதாக ஒருவன் எழுதி, இருநூறு வாங்கியதாக அடுத்தவன் எழுதினாலும் இரண்டு பேரேடும் தனித்தனியே அழகாகவே இருக்கும். இன்னொன்று, அந்தத் தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பது யார்? தணிக்கைக்கு உள்ளாகும் கம்பெனியேதான். கண்டிப்பாகப் பார்க்கிறவரை அடுத்த முறை மாற்றிவிடலாம். நேர்மையான தணிக்கையாளர்கள் பலரை எனக்குத் தெரியும், அவர்களே இதை நொந்துகொள்வார்கள். அமைப்பைக் கட்ட உதவிய கிரீன்பீஸ் இன்டர்நேஷனலே 2018இல் எஃப்.எஸ்.சி. உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டது.

முத்திரையிலும் வகை உண்டு. நூறு சதவீதம் என்று போட்டிருந்தால் முழுவதும் சான்றிதழ் பெற்ற காட்டின் மரம். ‘மிக்ஸ்’ என்று போட்டிருந்தால் சான்றிதழ் பெறாத மரமும் கலந்திருக்கலாம். அதற்கு ‘கட்டுப்படுத்தப்பட்ட மரம்’ என்று பெயர். திருட்டு மரமோ உரிமைகளை மிதித்து எடுத்ததோ இல்லை என்று ஆபத்தை மதிப்பிட்டுத்தான் சேர்ப்பார்கள். இருந்தாலும் அது வேறு, இது வேறு. உன் கம்பெனி எதை வாங்குகிறது என்று முதல் நாளே பார்த்துவிடு. எனக்கென்னவோ ‘மிக்ஸ்’தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

சட்டத்தைப் பற்றி நீ கேட்டாய். அமெரிக்காவில் லேசி சட்டம் 1900இலேயே வந்தது, வேட்டையாடிய பறவைகளையும் விலங்குகளையும் கடத்துவதைத் தடுக்க. 2008இல்தான் அதில் மரத்தையும் சேர்த்தார்கள். அதில் ஒரு பல் இருக்கிறது: மரம் வெட்டிய நாட்டின் சட்டத்தை மீறியிருந்தால், வாங்கியவனும் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாது என்றால் போதாது, தெரிந்துகொள்ள என்ன முயற்சி செய்தாய் என்று கேட்பார்கள். லம்பர் லிக்விடேட்டர்ஸ் என்ற தரைப்பலகைக் கம்பெனி ரஷ்யாவின் தூரக்கிழக்கில் வெட்டிய மங்கோலிய ஓக் மரத்தை ஜெர்மனியிலிருந்து வந்த வேறு ஓக் என்று அறிவித்துக் கொண்டுவந்தது. 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டது, 1.3 கோடி டாலருக்கு மேல் கட்டியது. அந்த தூரக்கிழக்குக் காடு அமூர் புலியின் வீடு. ஐரோப்பாவின் மரச் சட்டம் 2013 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதற்குப் பதிலாக 2023இல் நிறைவேற்றிய காடழிப்புச் சட்டம் இன்னும் கடுமை: 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்ததாக இருக்கக்கூடாது, மரம் நின்ற நிலத்தின் அட்சரேகை தீர்க்கரேகைக் குறியீட்டையும் தர வேண்டும். 2024 கடைசியில் தொடங்க வேண்டியதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். தொடங்கினாலும், பெரு நாட்டுக் கதையைத்தான் சொன்னேனே, குறியீடு எழுதுவது யார் கையாலும் ஆகும்.

ஓரிடத்தில் கதவை மூடினால் இன்னோரிடத்தில் திறக்கும், அதையும் மறக்காதே. 1988 வெள்ளத்துக்குப் பிறகு தாய்லாந்து, 1989 தொடக்கத்தில் காடு வெட்டுவதையே தடை செய்தது. தாய் வியாபாரிகள் எல்லை தாண்டி பர்மாவுக்கும் கம்போடியாவுக்கும் போனார்கள். 1998இல் யாங்சி வெள்ளம் வந்ததும் சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டைக் கட்டுப்படுத்தியது. சொந்தக் காடு பிழைத்தது, ரஷ்யாவிலிருந்தும் தென்கிழக்காசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் தடி வந்து குவிந்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் 2022இல் எஃப்.எஸ்.சி.யும் பி.ஈ.எஃப்.சி.யும் ரஷ்ய, பெலாரஸ் மரத்துக்குக் கதவைச் சாத்தின. அப்புறம் பார்த்தால், ரஷ்யாவின் பிர்ச் மர ஒட்டுப்பலகை மூன்றாம் நாடுகளின் பெயரில் ஐரோப்பாவுக்கு வரத் தொடங்கியது. திடீரென்று ஒரு நாடு தன் காட்டுக்குப் பொருந்தாத அளவு ஏற்றுமதி செய்தால் உன் காது விறைக்க வேண்டும்.

உலகில் எவ்வளவு திருட்டு மரம் என்று கேட்டிருந்தாய். இன்டர்போலும் ஐ.நா. சூழல் திட்டமும் 2012இல் உலக மர வியாபாரத்தில் 15 முதல் 30 சதவீதம் என்று மதிப்பிட்டன. திருடன் கணக்குப் புத்தகம் வைப்பதில்லை, இது மதிப்பீடுதான். ஆனால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் உன் கிடங்கில் ஒன்று இருக்கும்.

என் பத்து மடங்கு லென்ஸைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சரடு நைந்துவிட்டது, மாற்றிக்கொள். மரத்தின் குறுக்கு வெட்டுமுகத்தைக் கூரான பிளேடால் மெல்லச் சீவி, தண்ணீர் தொட்டு, லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார். துளைகள் வளையமாக நிற்கின்றனவா, சிதறிக் கிடக்கின்றனவா, அவற்றைச் சுற்றி வெளிர் நிறத்தில் என்ன வடிவம் இருக்கிறது என்று வரைந்து வை. பெரும்பாலும் எந்தப் பேரினம் என்று தெரிந்துவிடும். மகோகனி என்று தாளில் எழுதி வேறெதையோ அனுப்பினால் பிடித்துவிடலாம். எந்த நாடு என்று லென்ஸ் சொல்லாது. அதற்கு ஐசோடோப் சோதனை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார்ப்பது, இருக்கிறது: மரம் குடித்த மழைநீரும் வேர் நின்ற மண்ணும் கட்டையில் விட்டுப்போன தடம் இடத்துக்கிடம் மாறும். ஒப்பிட அந்தப் பகுதியின் மாதிரி கையில் இருந்தால்தான் பலன். செலவு பிடிக்கும், எல்லாவற்றுக்கும் செய்ய விடமாட்டார்கள். லென்ஸில் உறுத்தியதை மட்டும் அனுப்பு.

உன் முதல் கேள்விகளை எந்த சப்ளையரிடமாவது கேட்டுப் பார். தடி எவ்வளவு, பலகை எவ்வளவு, அடிக்கட்டை எங்கே. மூன்றே கேள்வி. என்ன பதில் வந்தது, எத்தனை நாள் கழித்து வந்தது என்று எனக்கு எழுது. கோபப்பட்டார்களா என்பதையும் எழுது, அது எனக்கு முக்கியம். உன் மேலாளர் "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொன்னால் உடனே போன் செய், நடு ராத்திரியானாலும் பரவாயில்லை.

உங்கம்மா உன் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். கிடங்குக்குப் போகும்போது முகமூடி போட்டுக்கொள், சில வன்மரத்தின் தூள் மூச்சை அடைக்கும்.

அன்புடன்,
அப்பா