பியானோ மென்பொருள் வாங்கும் முன்

ஆசிரியருக்கு,

திருநகரில் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். "சார், லேப்டாப்பில் எந்த பியானோ போடலாம்?" என்று வாரம் ஒரு பெற்றோராவது கேட்கிறார்கள். போன மாதம் ஒருவர், கடையில் சொன்னார்கள் என்று காரிட்டன் சிஎஃப்எக்ஸ் என்ற பியானோ மென்பொருளை வாங்கிவிட்டார். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் யமஹா கிராண்டு பியானோவைக் கட்டை கட்டையாகப் பதிவு செய்தது, சத்தம் தேன்தான், ஆனால் முழுதாகப் போட்டால் நூறு ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். அவர் வீட்டு லேப்டாப்பில் எஸ்எஸ்டி, அதாவது வேகமாகப் படிக்கும் டிஸ்க், கிடையாது. லோடு ஆவதற்குள் பையன் எழுந்து விளையாடப் போய்விடுகிறான்.

பியானோடெக் என்ற இன்னொரு மென்பொருள் வேறு வழி. அதில் பதிவே இல்லை, பியானோவுக்குள் இருக்கும் சுத்தியல் கம்பியில் பட்டால் எப்படி அதிரும் என்று கணக்குப் போட்டு அப்போதைக்கப்போது ஒலியை உண்டாக்குகிறது, அதனால் சில பத்து எம்பியில் முடிந்துவிடும். பெடலைப் பாதி மிதித்தால் சத்தமும் பாதி அடங்கும், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். மேல் ஸ்தாயியில் கொஞ்சம் கண்ணாடித்தனம் உண்டு, மறைக்கவில்லை. சோதனைப் பதிப்பு இலவசம். 20 நிமிடத்தில் நின்றுவிடும், சில கட்டைகள் பேசாது, ஆனாலும் முடிவெடுக்க அது போதும்.

அப்புறம், கட்டையை அழுத்தி ஒரு கணம் கழித்துச் சத்தம் வந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். விண்டோஸில் ஏசியோ டிரைவர் (சத்தத்தைத் தாமதமில்லாமல் அனுப்புவது) போட்டு, பஃபரை, அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவை, 128 சாம்பிளுக்குக் குறைத்துப் பாருங்கள். பென்டிரைவில் கிராக் காப்பி தருகிற கடைக்காரர்களிடம் மட்டும் போகவேண்டாம், என் பழைய கணினி வைரஸில் போனது அப்படித்தான்.

– கீபோர்டு ஆசிரியர்,
திருநகர், மதுரை