ரத்தம் எட்டு, தக்காளி ஒரு கூறு

வணக்கம் சார். உங்க பத்திரிகையில செட்டிநாட்டு சாப்பாடுன்னு கலர் படத்தோட ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, கவுனி அரிசி, வெள்ளைப் பணியாரம், கோழின்னு எல்லாம் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. நான் காரைக்குடி பக்கம் புதுவயல்ல அரிசி மில்லுல வேலை பாக்குறவ, எங்க தெருவுல என்ன திங்கிறாங்கன்னும் எழுதுவோம்னு தோணுச்சு.

போன மாசம் வேலைல தலை சுத்தி உக்காந்துட்டேன், ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுத்தா ரத்தம், அதான் ஹீமோகுளோபின், எட்டுதான் இருக்காம். டாக்டரம்மா நல்லவங்க, கீரை, சுண்டல், மாதுளை எல்லாம் சாப்பிடும்மான்னாங்க, மாத்திரையும் குடுத்தாங்க. மாத்திரை ஃப்ரீ, மாதுளை ஃப்ரீ இல்லையே. தேசிய குடும்ப நல ஆய்வுல (2019-21) தமிழ்நாட்டுல 15லேருந்து 49 வயசு பொம்பளைங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு என் மக போன்ல பாத்து சொன்னா. அப்ப பாதிக்கு மேல என்னைய மாதிரிதான்.

எங்க தெரு முக்குல ஒரு பெட்டிக்கடை. வாசல்ல அஞ்சு ரூபா சிப்ஸ் சரம் சரமா தொங்கும், அதுக்குக் கீழ ஒரு தட்டுல சுருங்குன தக்காளி நாலு நாலா கூறு கட்டி வச்சிருப்பாரு, வாடுன கருவேப்பிலை ஒரு கொத்து, அவ்வளவுதான் காய்கறி. கூறு 20 ரூபா. நிறுத்துப் பாத்தா சந்தை விலைக்கு ஒன்றரை மடங்கு வரும், ஆனா அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அழுகுனது அவர் தலையிலதானே விடியுது.

உழவர் சந்தைக்குப் போகலாமேம்பீங்க. 1999ல ஆரம்பிச்ச நல்ல திட்டம், காரைக்குடியிலயும் இருக்கு, பஸ்ஸும் எங்களுக்கு ஃப்ரீதான். ஆனா சந்தை நடக்குறது காலைல, எங்களுக்கு மில்லு எட்டு மணிக்கு. ஒரு நாள் போனா அரை நாள் கூலி போச்சு, அப்புறம் அந்தக் காய் என்ன விலைன்னு நீங்களே கணக்குப் போடுங்க.

ரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், 2011லேருந்து அரிசி இலவசம், அது இல்லைன்னா எங்க பாடு திண்டாட்டம்தான். பருப்பு மாசத்துக்கு கார்டுக்கு ஒரு கிலோ, 30 ரூபா. வீட்டுல அஞ்சு பேரு, பங்கு போட்டா ஒருத்தருக்கு நாளைக்கு ஏழு கிராம்கூட வரல. ஆளுக்கு நாளைக்கு 400 கிராம் காய்கறி வேணும்னு ஹைதராபாத்துல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல சொல்லியிருக்காம், அப்படிப் பாத்தா எங்களுக்கு நாளைக்கு ரெண்டு கிலோ. எங்களுக்கு வாரத்துக்கே அவ்வளவுதான் சார்! வேடிக்கை என்னன்னா அரிசியில சத்து இருக்குறது தவிட்டுலதான்னு மில்லுல எல்லாருக்கும் தெரியும், அதைத் தீட்டி மூட்டை கட்டி மாட்டுக்கு அனுப்புறதே நாங்கதான்.

பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல மதியம் முட்டை போடுறாங்க, அது பெரிய உபகாரம். சனி ஞாயிறு அந்த சிப்ஸ் சரந்தான்.

தர்மபுரி, நீலகிரியில 2023லேருந்து ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேழ்வரகு குடுக்குறாங்களே, அதை எங்க சிவகங்கை மாவட்டத்துக்கும் கேட்டு எழுதுங்க. கூடவே வாரத்துக்கு ரெண்டு நாள் உழவர் சந்தை விலைக்கு ஒரு காய்கறி வண்டி இந்தப் பக்கம் வரணும். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல வரச் சொல்லுங்க, அதுக்கு முன்னாடி வந்தா தெருவுல வாங்க ஆள் இருக்காது.

இப்படிக்கு,
மில் வேலை பாக்குற ஒரு அம்மா,
புதுவயல்