சென்னைக்கு விமானம் ஒரு மணி நேரம்தானா?

ஆசிரியருக்கு,

பெங்களூரு–சென்னை வான்வழித் தூரம் சுமார் 290 கி.மீ.; ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சாலையில் சுமார் 350. விமான அட்டவணையில் ஒரு மணி நேரம் என்றிருக்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் அதில் அடக்கம். வீட்டிலிருந்து புறப்படும் நேரம் அடக்கமில்லை.

பெங்களூரின் தென்கோடியில் இருக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர், வடக்கே விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி போக, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல் உட்பட ஊர் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும்: நெரிசல் வேளையில் 2 மணி நேரம் சர்வசாதாரணம். பெட்டி போடும் கவுன்ட்டர் புறப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்பே மூடிவிடும் என்பதால், ஒன்றரை மணி நேரம் முன்பாவது அங்கே இருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் பெட்டி வர அரை மணி. ஆகமொத்தம் 5 மணி நேரம், அதுவும் சென்னை விமான நிலைய வாசல் வரைதான்!

அதே ஆள் காரில் அதிகாலை 5 மணிக்குக் கிளம்பினால் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியை அரை மணியில் தாண்டி, பூந்தமல்லியைப் பத்தரை மணிவாக்கில் தொட்டுவிடலாம். எட்டு மணிக்குக் கிளம்பினால் இந்தக் கணக்கு செல்லாது. ஸ்ரீபெரும்புதூரிலேயே வேகம் செத்துவிடும். விமான நிலையப் பக்கம், வடக்கே இருக்கும் எலஹங்கா, ஹெப்பால்வாசிகளுக்கு மட்டும் விமானம் லாபம்.

– ஒரு வாசகர், பெங்களூரு