ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண் வரிசைப்படி அழைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
ஊர்ப் பொதுமக்கள்

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையம் – புறநோயாளிகள் காத்திருக்கும் இடம் – சீர்செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவர் மீதோ நர்சுகள் மீதோ எங்களுக்கு வருத்தம் இல்லை. மருந்தும் பெரும்பாலும் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதற்குள் படும் பாடுதான் பெரிதாக இருக்கிறது.

கூடத்தில் பெஞ்சுகள் கிடக்கின்றன, உட்காரத்தான் ஆளில்லை. உட்கார்ந்தால் முறை போய்விடும் என்ற பயம். ஓ.பி. சீட்டில் எண் இருக்கிறது. அந்த எண்படி யாரும் கூப்பிடுவதில்லை. அதனால் எல்லோரும் மருத்துவர் அறை வாசலிலேயே முண்டியடிக்கிறார்கள். முழங்கால் வலிக்கு வந்த பாட்டியும் அங்கேதான் நிற்க வேண்டும். எனவே புது நாற்காலி இப்போதைக்கு வேண்டாம். எண்ணைக் காட்ட ஒரு பலகையோ, சத்தமாகக் கூப்பிட ஓர் ஆளோ போதும்.

சுகர்காரர்கள் நிலைமை இன்னும் மோசம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டியவர்கள் அவர்கள். காய்ச்சல், சளிக்கு வந்தவர்களோடு ஒரே வரிசையில் நின்று, மருத்துவரிடம் எழுதி வாங்கிய பிறகே லேபுக்குப் போக முடிகிறது. அதற்குள் பத்தரை மணி ஆகிவிடுகிறது. வயதானவர்கள் சிலர் தலைசுற்றி உட்கார்ந்துவிடுகிறார்கள். சுகர் நோட்டு வைத்திருப்பவர்களைக் காலையில் நேராக லேபுக்கு அனுப்பச் சொல்லி ஓர் உத்தரவு போட்டால் தீர்ந்துவிடும். செலவே கிடையாது. அவர்கள் சாப்பிட்டுவிட்டு வரும் நேரத்தில் வாசல் கூட்டமும் கொஞ்சம் கலையும்.

அப்புறம், இருமல். காசநோய் காற்றில் பரவுவது என்று சுவரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். அந்தச் சுவரோரமே இருமுபவர்களும், செவ்வாய்க்கிழமை பரிசோதனைக்கு வரும் கர்ப்பிணிகளும் நெருக்கியடித்து நிற்கிறார்கள். முன்புற வராந்தாவில் தகரக் கூரை இறக்கி, இருமல் உள்ளவர்களை அங்கே உட்காரவைத்து முதலில் பார்த்து அனுப்பலாம். கர்ப்பிணிகள் சிறுநீர்ப் பரிசோதனைக்காகக் கழிப்பறைச் சாவியைத் தேடி அலைவதும் நிற்க வேண்டும். வேலை நேரம் முழுவதும் அது திறந்திருக்கட்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 25 மருத்துவமனைகளில் தடையில்லாமல் சென்றுவரும் வசதியையும் சிகிச்சையில் முன்னுரிமையையும் உறுதி செய்கிறது. இங்கே சாய்தளம் இருந்தும், அதன் குறுக்கே எப்போதும் பைக்குகள் நிற்கின்றன. வண்டி நிறுத்தத் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

பலகை போன்ற சின்னச் செலவுகளை நோயாளிகள் நலச் சங்க நிதியிலிருந்தே செய்ய முடியும் என நம்புகிறோம். கூரைக்கு மட்டும் தனி நிதி தேவைப்படலாம். அதற்குக் காத்திருக்காமல், எண்படி அழைப்பதையும் சுகர் நோயாளிகளை நேரே லேபுக்கு அனுப்புவதையும் உடனே தொடங்க உத்தரவிடுமாறும், எடுத்த நடவடிக்கையை நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: கையெழுத்துப் பட்டியல்