பாட்டிலை எண்றாங்க, கால் எங்க படுதுன்னு யாரும் பாக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரியில குடும்பத்தோட அந்தமான் போயிருந்தோம். சென்னையிலேர்ந்து ரெண்டு மணி நேர ஃப்ளைட்டுதான், அதனாலயோ என்னவோ படகுல பாதிப் பேர் நம்ம ஊர் ஆளுங்க. வண்டூர் படகுத்துறையில பையை எல்லாம் திறந்து பாத்துதான் ஜாலி பாய் தீவுக்கு அனுப்பறாங்க, பிளாஸ்டிக் எதுவும் உள்ள போகாது, தண்ணி பாட்டிலுக்குக் கூட டெபாசிட், திருப்பிக் காட்டினாதான் காசு. ஆளே குடியில்லாத அந்தத் தீவு கரையில ஒரு சாக்லேட் பேப்பர் கூட நான் பாக்கல. மனசு நிறைஞ்சு போச்சு.

மாஸ்க்கைப் போட்டு முகத்தைத் தண்ணிக்குள்ள விட்டதும் முதல்ல கேட்டது சத்தம்தான். கறுக் கறுக்னு யாரோ முறுக்கு கடிக்கற மாதிரி! பச்சையும் ரோஸுமா ஒரு கிளி மீன் பவளப்பாறையைக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு, அது கடிச்சுத் தின்னுட்டு வெளிய விடறதுதான் கொஞ்சங் கொஞ்சமா வெள்ளை மணலாகுதுன்னு படகுக்காரர் சொன்னாரு. பக்கத்துலயே பூ மாதிரி இருக்கற கடல் சாமந்திங்கற உயிருக்குள்ள கோமாளி மீன் ரெண்டு, விரலைக் காட்டினா உள்ள போகுது, எடுத்தா எட்டிப் பாக்குது.

அங்கேர்ந்து நாலடி தள்ளி ஒரு கைடு, டியூபைப் பிடிச்சிருந்தவர்கிட்ட "இது மேல நில்லுங்க, போட்டோ எடுக்கலாம்"ங்கறாரு. அவரும் நின்னாரு. மான்கொம்பு மாதிரி இருந்த பவளம், காலுக்கடியில ஒடிஞ்சு மணல்ல விழுந்துச்சு. நான் கத்தினேன், ஆனா வாயில மூச்சு விடற குழாய் (ஸ்நார்க்கல்) இருந்ததால யாருக்கும் கேக்கல.

பவளம் கல்லு இல்லங்க, உயிர். உருண்டையா பாறை மாதிரி வளர்ற வகை வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்றதே பெருசு. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல புலி இருக்கற அதே முதல் அட்டவணையிலதான் பவளமும் இருக்கு. 1983லேர்ந்து அந்த இடமே தேசியப் பூங்கா, அங்க போய் ஏறி நிக்கறோம்.

பாட்டிலை எண்றதுக்கு ஆள் போட முடியுதுன்னா, தண்ணியில இறங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் தமிழ்லயும் இந்தியிலயும் சொல்லித் தரவும் ஒருத்தரைப் போடலாமே. நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயமாக்கணும், பயத்துலதான் பலரும் கால் ஊன்றாங்க. டூர் புக் பண்ணித் தர்ற நம்ம சென்னை ஏஜென்ட்டுங்க டிக்கெட்டோட இதையும் ஒரு தாள்ல அடிச்சுக் குடுக்கலாம். மே லீவுக்கு டிக்கெட் போட்டவங்க நிறைய பேர் உங்க பேப்பர் படிப்பாங்க, அதனாலதான் எழுதறேன். மிதந்துக்கிட்டே பாருங்க, கால் மட்டும் கீழ வைக்காதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை-11