‘இண்டைக்குக் கொஞ்சம் காத்து’

ஆசிரியருக்கு வணக்கம்.

2022 பெப்ரவரி 18, யூனிஸ் புயல். வைட் தீவின் நீடில்ஸ் முனையில் மணிக்கு 122 மைல் வேகம் பதிவானது; இங்கிலாந்தில் அதுவே உச்சம். லண்டன் ஹரோவில் எங்கள் வேலி பிடுங்குப்பட்டு அடுத்த வளவுக்குள் விழுந்தது. எட்டிப் பார்த்த வெள்ளைக்கார மூதாட்டி, “இண்டைக்குக் கொஞ்சம் காத்துத்தான், என்ன?” என்ற தோரணையில் சிரித்துவிட்டு, ஹீத்ரோவில் விமானங்கள் தள்ளாடி இறங்குவதை யூடியூப் நேரலையில் பார்க்கப் போய்விட்டார். (அன்று அதைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில்!) இரண்டு அங்குலப் பனிக்கு ரயிலை நிறுத்துகிற நாடா இது?

மறுநாள் வேலி நிமிர்த்தும்போதுதான் 1987 ஒக்டோபர் புயலைச் சொன்னார்: ஒன்றரைக் கோடி மரங்கள் சரிந்ததாம். செவனோக்ஸில் நின்ற ஏழு ஓக் மரங்களில் ஆறு போயினவாம். தேநீரும் அவரே கொண்டுவந்தார்.

— ஹரோ வாசகி