ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பழைய ஆசிரியை எழுதுவது

அன்புள்ள அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும் ஸ்தோத்திரம்.

பிள்ளைகள் உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒரு காலத்தில் என்னையும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துவேன், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்தில் ஃபிளானல் போர்டில் நோவாவின் பேழையை ஒட்டுவேன். இருபது வருஷத்துக்கு மேல் இரண்டையும் செய்தேன். ஒன்றுக்கொன்று இடிக்கிறது என்று எனக்குத் தோன்றியதேயில்லை.

இந்த மே மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஒரு வி.பி.எஸ்.ஸுக்கு, அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் போயிருந்தேன். எந்தச் சபை என்பது வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கான வகுப்பில் குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும் அந்தப் படத்தைத் தொங்கவிட்டு, அதன்மேல் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்றார்கள். கடைசியாக, டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பித் தன் பரிணாமக் கொள்கையைக் கைவிட்ட கதை. பிள்ளைகள் கைதட்டினார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் பேரன் கேட்டான்: "அப்போ நீங்க ஸ்கூல்ல பொய்யா பாட்டி சொல்லிக்கொடுத்தீங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல்.

முதலில் டார்வின் கதை. அவர் இறந்தது 1882-இல். மனந்திரும்பிய கதை அச்சில் வந்தது 1915-இல், அமெரிக்க பாப்டிஸ்ட் பத்திரிகை ஒன்றில். சொன்னவர் லேடி ஹோப் என்ற ஆங்கிலேய நற்செய்தி ஊழியர். டார்வினின் மகள் ஹென்ரியெட்டா 1922-இல் இதை மறுத்து எழுதினார். அப்பாவின் கடைசி நேரத்தில் நான் பக்கத்தில் இருந்தேன், அந்த அம்மா அங்கே இருக்கவில்லை, அப்பா தன் கருத்து எதையும் மாற்றிக்கொள்ளவும் இல்லை என்றார். நூறு வருஷம் ஆகிவிட்டது. நாம் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அதுவும் பத்துக் கட்டளையை மனப்பாடம் செய்ய வைக்கிற அதே வகுப்பில். பொய்ச்சாட்சி பற்றிய கட்டளை அதில் எத்தனையாவது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

அடுத்தது ஆறாயிரம் வருஷம். இந்தக் கணக்கு வேதத்தில் எந்த வசனத்திலும் இல்லை. அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, சிருஷ்டிப்பு கி.மு. 4004-இல் நடந்தது என்றார். பிற்பாடு ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சடித்தார்கள், ஓரத்தில் இருந்தது வசனம்போல ஆகிவிட்டது. ஆனால் வம்ச வரலாறு அப்படிக் கூட்டிப் பார்ப்பதற்கு எழுதப்பட்டதா? மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யோராம் உசியாவைப் பெற்றான் என்று இருக்கும். 1 நாளாகமம் மூன்றாம் அதிகாரத்தில் அந்த இருவருக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் இருக்கிறார்கள். மத்தேயு அவர்களை விட்டுவிட்டு, பதினாலு பதினாலு தலைமுறையாக அடுக்குகிறார். அது அவர் தெரியாமல் செய்த தவறல்ல. இயேசு தாவீதின் குமாரன் என்று சொல்வதுதான் அவருக்கு முக்கியம். ஆதியாகமத்தை மட்டும் நாம் ஏன் காலண்டராகப் படிக்கிறோம்? முதல் நாளில் வெளிச்சம், நாலாம் நாளில்தான் சூரியன். சூரியன் இல்லாமல் முதல் மூன்று நாள் எப்படி நாளாக இருந்திருக்கும் என்று பழைய சபைப் பிதாக்களே கேட்டிருக்கிறார்கள். அப்போது டார்வினும் இல்லை, நாத்திகப் பிரசாரமும் இல்லை.

குரங்கு மனிதனானது என்று எந்த உயிரியல் புத்தகமும் சொல்லவில்லை. மனிதனுக்கும் சிம்பன்ஸிக்கும் சில பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதை இருந்தது என்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு ஆதாரம் எலும்புத் துண்டுகள் மட்டும் இல்லை. சிம்பன்ஸிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. மீதி ஒரு ஜோடி எங்கே போயிற்று? நம் இரண்டாவது குரோமோசோமின் நடுவில் பார்த்தால், வழக்கமாக நுனியில் மட்டும் இருக்கவேண்டிய டி.என்.ஏ. எழுத்துவரிசை இருக்கிறது, நுனியும் நுனியும் ஒட்டியதுபோல. இரண்டு சேர்ந்து ஒன்றான தையல் அது. பன்னிரண்டாம் வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரையும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் 139-ஆம் சங்கீதம்தான் ஞாபகம் வரும். நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டேன் என்கிற அந்த வசனம்.

நான் குடியிருப்பது பல்லாவரத்துக்குப் பக்கம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் இங்கேதான் ஒரு சரளைக் குழியில் ஆதி மனிதர் செய்த கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். சில மாதம் கழித்து திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கிடைத்தன. அதே அத்திரம்பாக்கத்தில் பின்னாளில் தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் தோண்டி, மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் வெளியிட்டார்கள். சரி, ஃபூட்டின் மாமனார் யார் தெரியுமா? பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்த அதே பெர்சிவல் ஐயர்தான். மாமனார் கையில் ஆதியாகமம், மருமகன் கையில் கற்கோடரி. அவர்கள் சாப்பாட்டு மேசையில் என்ன பேசிக்கொண்டார்களோ, கேட்க எனக்கு ரொம்ப ஆசை.

எல்லா முடிச்சும் அவிழ்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ரோமர் ஐந்தாம் அதிகாரம் என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. ஒரே மனுஷனாலே பாவமும் மரணமும் வந்தது என்கிறார் பவுல். நம் முன்னோர் கூட்டம் எந்தக் காலத்திலும் வெறும் இரண்டு பேராகச் சுருங்கியதில்லை, சில ஆயிரம் பேராவது இருந்தார்கள் என்கிறது மரபியல். ஆதாம் ஒரு தனி மனிதனா, ஒரு கூட்டத்தின் தலைவனா, நம் எல்லோருக்குமான பெயரா? இறையியல் படித்தவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. நான் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன், திருவிருந்துக்கும் போகிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையாலும் அது முடியும். ஆனால் ஆறாயிரம் வருஷக் கணக்கு பொய்யானால் வேதமும் பொய் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்திருந்தால் முடியாது. தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் பரிணாமத்துக்கு ஒரு பாடமே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, பிறகு கல்லூரியிலும் படித்துவிட்டு, ஆலயப் பக்கமே வராமல் போன என் பழைய மாணவர்களில் சிலர் இன்னும் எனக்குப் போன் பண்ணுவார்கள். அவர்கள் குறைபட்டுக்கொள்வது டார்வினைப் பற்றி அல்ல.

அடுத்த மே மாதத்துக்குள் அந்தப் படத்தையும் லேடி ஹோப் கதையையும் எடுத்துவிடுங்கள். அந்த ஒரு நாளைக்கு வேன் பிடித்துப் பிள்ளைகளைப் பூண்டிக்குக் கூட்டிப் போகலாம். ஏரிக்கரையில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது, கற்கோடரிகளை அங்கே பார்க்கலாம். போகிற வழியில் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். புளியோதரைப் பொட்டலம் என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி